பிள்ளையின் முதல் வயலின் மேடை: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு

வயலின் வகுப்பில் சேர்த்து இரண்டு, மூன்று வருடம் ஓடியிருக்கும். வர்ணம் என்கிற பயிற்சி உருப்படி மெதுவாகவும் இரட்டை வேகத்திலும், அதாவது இரண்டு காலத்திலும், வர ஆரம்பித்திருக்கும். ஒருநாள் டீச்சர் போகிறபோக்கில் சொல்வார்: "இந்த நவராத்திரிக்குக் கோயில்ல ஒரு இருபது நிமிஷம் வாசிக்கட்டுமே." பிள்ளை சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போவது நமக்குத்தான்.

எங்கள் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. காட்பாடியில் இருந்துகொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்துதான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டோம். மகளின் முதல் மேடை முடிந்தபோது ஒன்று தெளிவாகிவிட்டது. பிள்ளைகள் மேடையில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் சங்கீதமே கிடையாது. இறங்கிப்போகிற பிருடை (தந்தியை முறுக்குகிற மரத் திருகு), எக்கோ போட்ட மைக், தள்ளிக்கொண்டே போகிற நிகழ்ச்சி, பசி, வழுக்குகிற பட்டுப்பாவாடை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இதெல்லாம் பெற்றோர் இலாகா. வாசிப்பு டீச்சர் இலாகா. நம் இலாகாவை மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலே போதும்.

கீழே இருப்பது கர்நாடக வயலினுக்கு. தொகைகள் எங்கள் பக்கத்தில் கொடுத்ததையும் கேள்விப்பட்டதையும் வைத்துச் சொல்பவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

1. எந்த மேடை என்று முடிவுசெய்யுங்கள் (ஐந்தாறு மாதம் முன்பே)

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மேடைகள் ஏறக்குறைய இவைதான்: வகுப்பின் ஆண்டு விழா, கோயிலில் நவராத்திரி அல்லது மார்கழி நிகழ்ச்சி, பொங்கலை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனை, பள்ளி ஆண்டு விழா, போட்டிகள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் 2022 முதல் நடக்கிற கலைத் திருவிழாவும் உண்டு. அதில் கருவி இசைக்கும் இடம் இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

என் ஓட்டு கோயிலுக்குத்தான். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பிரகாரத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நாலு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைக்குப் பயம் குறைவு. பள்ளி ஆண்டு விழாவை முதல் மேடையாக வைத்துக்கொள்ளாதீர்கள். சினிமாப் பாட்டு நடனம் இரண்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், அதில் இரண்டு நிமிடம் மைக் சரிசெய்வதிலேயே போய்விடும்.

கோயிலில் யாரிடம் கேட்பது? அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர் அலுவலகம். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் போலத் தரும ஸ்தாபனம் நடத்தும் கோயில் என்றால் அவர்கள் அலுவலகம். தெருக்கோயில் என்றால் விழாக் குழுவில் இருக்கும் பெரியவர். எங்கே ஆனாலும் நீங்களே போய் நிற்பதைவிட டீச்சர் சொல்லி அனுப்பினால் வேலை சுலபமாக முடியும். நவராத்திரிக்கு ஆடி மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆவணி கடைசியில் போனால் "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள், அதற்கு மேல் எதுவும் வராது. முதல் நாளும் சரஸ்வதி பூஜையும் பெரியவர்களுக்குப் போய்விடும். நடுவில் ஒரு வார நாளைக் கேட்டால் கிடைக்கும்.

தேதி சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிடாமல் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், தீபாராதனைக்கு முன்னாலா பின்னாலா, மைக் செட் யார் பொறுப்பு, மிருதங்கம் அவர்கள் ஏற்பாடா நம் ஏற்பாடா. தீபாராதனை கேள்வி முக்கியம். மணியும் மேளமும் ஆரம்பித்துவிட்டால் வாசிப்பை நிறுத்த வேண்டியிருக்கும். பாதி சரணத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பது பெரியவர்களுக்கே சிரமம். தீபாராதனை முடிந்த பிறகு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். நவராத்திரி சில வருடம் காலாண்டுத் தேர்வோடு மோதும். மறுநாள் கணக்குப் பரீட்சை என்றால் அந்தத் தேதியே வேண்டாம்.

பணம் கேட்கிற மேடைகள் பற்றி ஒரு வார்த்தை. "நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒரே நேரத்தில் வாசித்து சாதனை" என்று அழைப்பு வரும். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், மெடலுக்குத் தனியாக, வீடியோவுக்குத் தனியாக என்று கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல வில்லே வாங்கிவிடலாம். கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் வயலின் உங்களுக்கே கேட்காது. போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஆனால் அதை முதல் கச்சேரி என்று கணக்கில் எழுதாதீர்கள்.

2. வயலினைத் தயார்செய்யுங்கள் (மூன்று மாதம் முன்பு)

முதலில் அளவு. பிள்ளைகளுக்கு 1/4, 1/2, 3/4 என்று போய் 4/4 முழு அளவு. கை நீளத்தைப் பார்த்து டீச்சர்தான் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிகழ்ச்சி வருகிறதே, புதுசு வாங்கித் தரலாம் என்று ஆசையாக இருக்கும். அளவு மாறினால் ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள தூரமே மாறிவிடும், விரல் பழைய இடத்தைத்தான் தேடும். மாற்ற வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் மாற்றுங்கள். இல்லையா, நிகழ்ச்சி முடியட்டும்.

ஆரம்பநிலை வயலின் ஐந்தாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கும். ஆனால் மேடைக்கு வேண்டியது விலை உயர்ந்த வயலின் என்பதைவிட, பிருடை நிற்கிற வயலின். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். காய்ந்த காற்றில் மரம் சுருங்கிப் பிருடை தானாகவே வழுக்கி இறங்கும். கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவி, திருகும்போதே உள்பக்கமாக அழுத்தினால் நிற்கும். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. மரம் ஊறிப் பிருடை இறுகிக்கொள்ளும். பலங்கொண்டு திருகினால் பிருடையே உடையும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் ஈரம் கட்டுப்படும். செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். நான்கு தந்திக்கும் மறுமுனையில் ஃபைன் டியூனர் என்கிற சின்னத் திருகு போட்டுவிட்டால் சின்னச் சின்னத் திருத்தத்துக்குப் பிருடையைத் தொடவே வேண்டாம். பிள்ளையே மேடையில் சுருதி சேர்த்துக்கொள்ள இது பெரிய உதவி.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை வைக்கவே வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அரை மணி நேரம் போதும், பசை விட்டுப் பலகை வாயைப் பிளந்துவிடும். பைக்கில் போகிறவர்கள் பெட்டியை டேங்க் மேல் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். கீழே இன்ஜின் சூடு, மேலே வெயில். முதுகில் மாட்டுகிற பெட்டியாக வாங்குங்கள்.

தந்தி, வில்லின் முடியில் தேய்க்கிற ரோசின் மாதிரி சாமான்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். வில்லுக்கு முடி மாற்றுவது, குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) சீவி உயரம் குறைப்பது, உள்ளே விழுந்துவிட்ட சவுண்ட் போஸ்ட்டை நிறுத்துவது போன்ற வேலைக்கு நாங்கள் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குத்தான் போனோம். போகும் முன் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சில கடைகளில் வில்லை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதனால் இந்த வேலையைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். சவுண்ட் போஸ்ட் என்பது குதிரைக்குக் கீழே, வயலினின் வயிற்றுக்குள் நிற்கும் ஒரு சின்னக் குச்சி. குலுக்கினால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் வந்தால் அது விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே தந்திகளைத் தளர்த்திவிடுங்கள், முறுக்கி வாசிக்க விடாதீர்கள்.

3. பாட்டுப் பட்டியல் டீச்சருடையது, நேரக் கணக்கு உங்களுடையது

எதை வாசிப்பது என்று நாம் சொல்லக் கூடாது. பாட்டிக்குப் பிடிக்கும் என்று ஒரு பாட்டைச் செருகச் சொன்னால் அதுதான் மேடையில் கவிழும். ஆனால் கடிகாரத்தைப் பார்க்கலாம். பத்து நிமிடம் என்றால் ஒரு வர்ணமும் ஒரு சின்னக் கீர்த்தனையும். இருபது என்றால் வர்ணம், கொஞ்சம் கல்பனா ஸ்வரத்தோடு (பாட்டின் நடுவே கோத்து வாசிக்கிற ஸ்வரங்கள்) ஒரு கீர்த்தனை, முடிவில் லேசாக ஒரு உருப்படி. ரத்தினகிரி, வள்ளிமலை மாதிரி முருகன் சன்னதி என்றால் ஒரு திருப்புகழ் வைத்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் அதன் தாளம் பிள்ளைக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

கொடுத்த நேரத்தில் மூன்று நிமிடம் சுருதி சேர்க்கவும் பெயர் அறிவிக்கவும் போய்விடும். எனவே இருபது நிமிடத்துக்குப் பதினேழு நிமிடச் சரக்குதான். கூடவே, நேரத்தைக் குறைத்தால் எதை விடுவது என்பதையும் டீச்சரிடம் முன்பே கேட்டு வையுங்கள். நாங்கள் பார்த்த ஒரு விழாவில், மேடை ஏறும் வரிசையில் நிற்கும்போது வந்து "பாப்பா, எட்டு நிமிஷத்துல முடிச்சுடு" என்றார்கள். என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்த பிள்ளை சமாளித்தது. பேசி வைக்காத பிள்ளை அழுதது.

4. சுருதியும் மிருதங்கமும் (இரண்டு மாதம் முன்பு)

பிள்ளை எந்தக் கட்டையில் (சுருதியின் உயரத்தைச் சொல்கிற எண்) வாசிக்கிறது என்று டீச்சரிடம் கேட்டு, போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையா, இரண்டா, இரண்டரையா என்பது சங்கீதம் தெரியாத நமக்கு வெறும் எண். ஆனால் மிருதங்கக்காரரைக் கூப்பிடும்போது அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். மிருதங்கம் ஒவ்வொன்றும் ஒரு சுருதி வட்டத்துக்குள்தான் நிற்கும். கட்டை சொல்லாமல் கூப்பிட்டால் அவர் கையில் இருப்பதை எடுத்து வருவார். அப்புறம் மேடையில் கல்லை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சின்னப் பிள்ளைக்குப் பெரிய வித்வான் தேவையில்லை. பிள்ளையின் வேகத்தை அனுசரித்து, தாளம் கொஞ்சம் ஓடினாலும் கூடவே போய்ப் பிடித்துக் கொண்டுவருகிறவர் வேண்டும். டீச்சருக்குத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. சன்மானம் எங்கள் பக்கத்தில் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை, போக்குவரத்து தனி. ஒத்திகைக்கும் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும். முதல் ஒத்திகையில் மிருதங்கச் சத்தத்திலேயே பிள்ளை மிரண்டுபோகும். இரண்டாவதில்தான் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள்.

சுருதிக்கு எலக்ட்ரானிக் பெட்டி இருந்தால் நல்லது. போன் செயலியும் போதும். ஆனால் அந்தப் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வர்ணத்தின் நடுவே மாமாவின் அழைப்பு வந்து சுருதி நின்றுபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனாலும் ஓட வேண்டும், அதனால் முழுசாக சார்ஜ் செய்த ஒன்று, மாற்றாக இன்னொன்று.

5. காகிதங்கள்

கோயிலுக்கு ஒன்றும் வேண்டாம். பெயர், வகுப்பு, குரு பெயர், பாட்டுப் பட்டியல் எழுதிய ஒரு தாள் போதும். ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் எழுதிவிடுங்கள், அறிவிப்பாளர் தடுமாறாமல் இருக்கட்டும். போட்டி, ஆராதனை விழா, உதவித்தொகை என்று போகும்போதுதான் காகிதம் கேட்பார்கள். ஒரு கோப்பில் இவற்றை எப்போதும் வைத்திருங்கள்: பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், அங்கே படிக்கிற பிள்ளைதான் என்று பள்ளி தருகிற போனஃபைடு சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், குருவின் கடிதம், ஐந்து வரிக்கு மிகாத அறிமுகம்.

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பள்ளியில் இனிஷியல் முன்னால் இருக்கும். மூன்றும் மூன்று பிள்ளைகள் மாதிரி தெரியும். விண்ணப்பம் போடும் நாளில் இதைத் திருத்த முடியாது. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பதிந்ததோடு விட்டிருப்போம். பிறப்பு எந்த மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் பெயர் சேர்க்க முடியும். இப்போது குடியிருக்கிற ஊரில் முடியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு சேர்த்தால் தாமதக் கட்டணம் உண்டு.

போட்டிகளில் "12 வயதுக்கு உட்பட்டோர்" என்று போட்டிருந்தால் எந்தத் தேதியில் 12 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். போனஃபைடு கேட்டால் பள்ளி அலுவலகத்தில் மூன்று நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். தேர்வு சமயத்தில் கேட்காதீர்கள். ஒலிப்பதிவோ வீடியோவோ கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தது வேண்டும் என்பார்கள். முகமும் இரண்டு கையும் தெரிய, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

6. செலவு

மிருதங்கம், ஒரு தந்தி செட், வில்லுக்குப் புது முடி, சென்னைப் பயணம், ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு டிபன், வெற்றிலை பாக்குத் தட்டுகள், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் முடித்துவிடலாம். தந்தி சாதாரணமானது சில நூறு ரூபாய்தான், வெளிநாட்டுத் தந்திக்குப் போனால் இரண்டாயிரத்தைத் தாண்டும். முதல் மேடைக்கு அது தேவையே இல்லை. பட்டுப்பாவாடை புதிதாக எடுத்தால் அதுதான் பெரிய செலவு. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை இன்னும் ஒரு ஒத்திகைக்குக் கொடுக்கலாம்.

7. வீட்டு ஒத்திகை (கடைசி ஒரு மாதம்)

தினமும் முப்பது, நாற்பது நிமிடச் சாதகம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பது வாரம் முழுக்கப் பல் தேய்க்காமல் ஞாயிறன்று சேர்த்துத் தேய்ப்பது மாதிரி. பள்ளி வண்டி வருவதற்கு முன் காலையில் உட்கார வைத்தால் நல்லது. சாயங்காலம் டியூஷன், பசி, தூக்கம் எல்லாம் போட்டிக்கு வந்துவிடும்.

இந்த மாதத்தில் பழக்க வேண்டிய முக்கியமான ஒன்று, தப்பு வந்தாலும் நிற்காமல் போவது. வகுப்பில் தப்பு வந்தால் நிறுத்தித் திரும்ப வாசித்துத்தான் பிள்ளைக்குப் பழக்கம். மேடையில் அதையே செய்தால் தாளம் விட்டுப்போகும். எனவே வாரத்தில் இரண்டு நாள் "இன்னைக்குக் கச்சேரி" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. வழி தவறினால் பல்லவி எடுப்புக்கு, அதாவது முதல் வரி தொடங்கும் இடத்துக்கு, போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அனுபல்லவி, சரணம் என்று எந்த இடத்திலிருந்தும் நேரடியாக ஆரம்பிக்க முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். அதை டீச்சரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் இந்தக் கச்சேரி நாட்களில் வேண்டுமென்றே குக்கரை வைத்தேன். மூன்றாவது விசில் வரும்போது அவள் கல்பனா ஸ்வரத்தில் இருப்பாள். முதல் வாரம் என்னை முறைத்தாள். மூன்றாவது வாரம் விசில் வந்ததையே கவனிக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவையும் அவர் பேத்தியையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பேத்தி நடுவில் எழுந்து பிஸ்கட் கேட்டாள், அதுவும் நல்ல பயிற்சிதான்.

சங்கீதம் தெரியாத பெற்றோர் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் திருத்த வேண்டாம். காதுக்குச் சுருதி சேரவில்லை என்று பட்டால் போனில் பதிவுசெய்து டீச்சருக்கு அனுப்புங்கள்.

8. கடைசிப் பத்து நாள்

புதுத் தந்தி போடுவது என்றால் பத்து நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. முந்தின நாள் போட்டால் மேடையில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கும். பழைய செட்டைத் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வையுங்கள், மேடையில் ஒன்று அறுந்தால் அதுதான் கைகொடுக்கும்.

போடப்போகிற உடையோடு ஒருமுறை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் முறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது காலின் கணுக்கால் பக்கம் ஊன்றி வாசிக்க வேண்டும். பட்டுத் துணியில் அது சர்ரென்று வழுக்கும். வழுக்கினால் இடதுகை வயலினைத் தாங்க ஆரம்பித்துவிடும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் எல்லாம் போச்சு. பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுச் சுருள் காலிலேயே படும்படி உட்காரப் பழக்குங்கள், அல்லது பருத்தியிலேயே ஒன்று போடுங்கள். இடது கையில் வளையல் வேண்டாம், கழுத்துப் பலகையில் இடித்துச் சத்தம் வரும். நீள மல்லிகைச் சரத்தை இடதுபக்கத் தோளில் விழாமல் குத்துங்கள். பையன் என்றால் ஜிப்பாவின் உலோகப் பொத்தானும் கழுத்துச் சங்கிலியும் வயலின் முதுகைக் கீறும்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் ஒருமுறை மெதுவாக வாசித்துவிட்டு வயலினை மூடிவிடலாம். அன்றைக்குப் புதிதாக எதையும் திருத்த வேண்டாம்.

9. நிகழ்ச்சி நாள்

பையில் போக வேண்டியவை: ரோசின், பழைய தந்தி செட், சுருதிப் பெட்டி, சார்ஜர், நீள எக்ஸ்டென்ஷன் வயர், துடைக்க இரண்டு மென்துணி, விரலுக்குத் தடவச் சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய், தண்ணீர், பாட்டுப் பட்டியல் மூன்று பிரதி, சில்லறை. எண்ணெய்க் கை வில்லின் முடியில் படக் கூடாது, பட்டால் வில் வழுக்கும், ஒலியே வராது. எண்ணெய் இடது கைக்கு, வில் வலது கைக்கு என்று பிள்ளைக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, இடியாப்பம் மாதிரி எளிய டிபன். ஆற்காடு மக்கன் பேடாவை யாராவது அன்போடு கொண்டு வருவார்கள். வாங்கி ஓரமாக வையுங்கள். பாகு ஒட்டிய விரல் தந்தியில் நகராது.

ஒரு மணி நேரம் முன்பே போங்கள், ஆனால் தாமதமாகும் என்று நினைத்தே போங்கள். வயலின் அந்த இடத்தின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக இருபது நிமிடமாவது ஆகும், அப்புறம் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி மண்டபம் என்றால் இதை விடவே கூடாது. காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையை மேடை ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள். முன்னால் வாசிக்கிற அக்கா ஏழு வருடம் கற்றவளாக இருப்பாள். அதைக் கேட்டே நம் பிள்ளைக்குக் கை குளிர்ந்துவிடும். மார்கழிக் காலை நிகழ்ச்சி என்றால் நிஜமாகவே குளிரும். விரலைத் தேய்த்துச் சூடாக்க ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு போங்கள்.

இனி மைக். கோயிலில் மைக் செட் போடுகிற அண்ணன் நேற்று ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போட்டிருப்பார், அந்தச் செட்டிங் அப்படியே இருக்கும். போனதும் அவரிடம் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். "அண்ணா, வயலினுக்கு எக்கோ வேணாம்ணா" என்பது முதல். எக்கோ இருந்தால் இரண்டாம் காலத்தில் ஸ்வரமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குழம்பிவிடும். இரண்டாவது, தரையில் உட்காருகிற பிள்ளைக்குக் குட்டை ஸ்டாண்டு. நின்று பேசுகிற ஸ்டாண்டை வளைத்து வைத்தால் அது மெல்ல மெல்லத் தலைகுனியும். மைக் வயலினின் துளைகளைப் பார்த்து ஓரடி தள்ளி இருந்தால் போதும், வில் போய் இடிக்கக் கூடாது. மூன்றாவது, பிள்ளைக்குத் தன் வாசிப்பும் சுருதியும் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் மேடையைப் பார்த்து. இது இல்லையென்றால் சுருதிப் பெட்டியைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், பக்கத்திலேயே வையுங்கள். முடிந்ததும் அவர் கையில் நூறு, இருநூறு கொடுத்தால் அடுத்த வருடமும் நம்மை நினைவு வைத்திருப்பார்.

நீங்கள் எங்கே உட்காருவது? பிள்ளையின் நேர்ப்பார்வையில் வேண்டாம். நம் முகம் சுருங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். அப்பா போனில் வீடியோ எடுத்துக்கொண்டே மேடைக்கு முன்னால் நடமாடுவதும் வேண்டாம். ஓரமாக ஒரு ஸ்டாண்டில் போனை வைத்துவிட்டு உட்காருங்கள்.

10. முடிந்த பிறகு

முதலில் மிருதங்கக்காரருக்கும் டீச்சருக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு கவரை வைத்துப் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வில்லைத் தளர்த்தி, தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோசின் தூளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இல்லையென்றால் சொந்தக்காரப் பிள்ளைகள் "நானும் வாசிக்கிறேன்" என்று வந்துவிடும்.

சான்றிதழ் தந்தால் அங்கேயே பெயரையும் இனிஷியலையும் பாருங்கள். தப்பிருந்தால் அன்றைக்கே மாற்றிக்கொள்வது சுலபம், அடுத்த வாரம் போனால் ஆளைப் பிடிக்கவே முடியாது.

வீட்டுக்குப் போகிற வழியில் "அந்த இடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். எந்த இடம் என்று அதற்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பசிக்கும், சாப்பிட வையுங்கள். வீடியோவையும் அன்றைக்கே போட்டுக் காட்ட வேண்டாம். டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், அடுத்த வகுப்பில் அவரே வைத்துப் பேசுவார். அந்த வகுப்புக்கு லீவு போடாதீர்கள்.

வீடியோ, சான்றிதழ், அழைப்பிதழ் மூன்றையும் அந்தக் காகிதக் கோப்பில் சேர்த்து வையுங்கள். மத்திய அரசின் கலாசார வளங்கள், பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. நடத்தும் கலாசாரத் திறன் தேடல் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுவரை விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வரும்போது இவை கையில் தயாராக இருந்தால், பரணில் ஏறித் தேட வேண்டியிருக்காது.